யோகமலர் யாருக்குப் போட்டார்

1
இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் மாடியில் குடியிருந்த யோகமலர், வீட்டிலேயே இடியப்பம் அவித்து விற்றுவந்தார். உரிமம் இல்லையென்று ஓர் அதிகாரி வந்து நிறுத்திவிட்டார். "ஆற்ர வயித்தில நான் நஞ்சு போட்டனான்?" என்று யோகமலர் நடைவழியில் நின்று கத்தினார்.

(கத்திக்கொண்டே ஒரு கதாநாயகி அறிமுகமாவதா என்று இதை வெட்டினேன். வேறு தொடக்கம் அமையவில்லை. இருக்கட்டும்.)

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அமிர்தநாதர் வந்தார். ஓய்வுபெற்ற கணக்காளர். லிபர்ட்டேரியன், அதாவது, அரசாங்கம் நம் வாழ்க்கையில் எவ்வளவு குறைவாகத் தலையிடுகிறதோ அவ்வளவு நல்லது என்பவர். தேர்தலுக்குத் தேர்தல் தோற்கும் ஒரு சின்னக் கட்சியின் துண்டுப்பிரசுரத்தை நீட்டினார். யோகமலர் வாசித்துவிட்டு, "உந்தக் கதையைத்தானே நானும் சொல்லுறன்" என்றார்.

2
1997. ரொறன்ரோவையும் அதைச் சுற்றியிருந்த ஐந்து நகராட்சிகளையும் ஒன்றாக்க மாகாண அரசு கிளம்பியது. சம்மதமா என்று நகராட்சிகள் மக்களிடம் வாக்குக் கேட்டன. அரசாங்கமே தொல்லை என்பவர்கள் இதில் எந்தப் பக்கம் போடுவது?

"ஓம் எண்டு போடும் பிள்ளை. ஆறு ஒண்டானா அரசியல்வாதியள் குறைவினம்," என்றார் அமிர்தநாதர்.

"ஆறு இருந்தாத்தானே அங்கிள், ஒண்டு கரைச்சல் குடுத்தா மற்றதுக்குப் போகலாம்? ஒண்டாக்கினாப் பிறகு எங்க போறது?"

[இந்த இடத்தில் அமிர்தநாதருக்கு நல்ல பதிலொன்று எழுதிக்கொடுக்கப் படாத பாடுபட்டேன். அவரோ துண்டுப்பிரசுரத்தில் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.]

யோகமலர் 'இல்லை' என்று போட்டார். பெரும்பாலானோரும் அப்படியே போட்டார்கள். அரசு கேட்கவில்லை, ஆறையும் ஒன்றாக்கிவிட்டது.

அன்று யோகமலர் கண்கலங்கி, சன்னலோரம்... பொய். கண்கலங்கவெல்லாம் இல்லை. இடியப்ப உரலைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தார். அடுத்த கிழமை ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவப் போனார். நான்தான் கடை இடியப்பத்தை வாங்கிப் பாதியில் எறிந்தேன். அவருடைய இடியப்பம் அப்படி.

3
1999. மாகாணத் தேர்தல். அதற்குள் தொகுதிகளைக் குறைத்து, எல்லைகளையும் மாற்றி வரைந்திருந்தார்கள். புதிய தொகுதியில் ஆளுங்கட்சியைத் தோற்கடிக்க எதிர்க்கட்சிக்கு வாய்ப்பு இருந்தது. அமிர்தநாதரின் கட்சிக்கு வழக்கம்போல் ஒன்றுமில்லை.

"எங்கட ஆளுக்குப் போடும். கொள்கை எண்டு ஒண்டு இருக்கு."

"கொள்கைக்குப் போட்டா உவங்கள் திரும்பி வருவாங்கள். உவங்களைக் கலைக்க மற்றவனுக்குப் போட்டா, அவன் என்ர குசினி அடுப்புக்கு இன்னும் பத்துச் சட்டம் கொண்டு வருவான்."

"அப்ப வாக்குச்சீட்டைத் திருப்பிக் குடும். போடமாட்டன் எண்டு சொல்லவும் சட்டத்தில இடமிருக்கு."

"அதைச் சொல்லவோ நான் வேலைக்கு லீவு போடுறது?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. மூன்று முடிவுகள் எழுதினேன். முதலாவதில் கொள்கைக்குப் போடுகிறார். கூட்டத்தில் ஒரு பிரசங்கம் போல இருந்தது. இரண்டாவதில் எதிர்க்கட்சிக்குப் போடுகிறார். அமிர்தநாதர் அவரோடு பேசுவதை நிறுத்திவிடுகிறார். மூன்றாவதில் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கம்பீரமாக, தலை நிமிர்ந்து... இல்லை, போதும்.

4
வாக்களிக்க மூவருமாகத்தான் போனோம். யோகமலர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனார். நேரம் எடுத்தது. வெளியே வந்ததும் அமிர்தநாதரால் பொறுக்க முடியவில்லை.

"ஆருக்குப் பிள்ளை?"

"அது என்ர விசயம் அங்கிள்."

வாழ்நாளெல்லாம் இதையே போதித்த மனிதர். தலையை ஆட்டிக்கொண்டே தொப்பியைக் கழற்றினார்.

நான் விடவில்லை. "எனக்காவது சொல்லும். கதைக்கு முடிவு வேணும்."

யோகமலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களும் ஒரு அரசாங்கம்தான் அண்ணை."

சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிறதென்று நடந்துவிட்டார்.

மூன்று முடிவுகளும் மேலே கிடக்கின்றன. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தீர்கள் என்று நான் கேட்கமாட்டேன்.