முற்றிய இலை

எலுமிச்சை மரத்தில் இலை பறிக்கும்போது அம்பாரோ எப்போதும் நுனிக்கிளைகளைத்தான் வளைப்பாள். அங்கேதான் இலை இளசாக இருக்கும். மாவில் தோய்த்துப் பொரித்தால் வாசனையை மட்டும் விட்டுவிட்டுத் தானாக உருவிக்கொண்டு வரும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் பதினோரு இலைகளை அப்படித்தான் பறித்தாள். பன்னிரண்டாவதற்கு மட்டும் மரத்தடியில் குனிந்து, முட்களுக்கு நடுவே கையை விட்டு, செருப்புத் தோல்போலத் தடித்துப்போன ஒன்றைப் பிடித்தாள். கிள்ள வரவில்லை, திருகி எடுக்க வேண்டியிருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அப்படிப் பார்த்தபோதே, தான் செய்வது என்னவென்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

முர்சியாவின் தோட்டக்கால் ஊர்களில் பாப்பராஹோத்தே என்கிற எலுமிச்சை இலைப் பலகாரத்தைத் தின்ன யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. பாலும் முட்டையும் மாவும் கரைத்து, இலையைத் தோய்த்து எண்ணெயில் போட்டு, சர்க்கரையிலும் பட்டைத்தூளிலும் புரட்டிச் சூடாக வைப்பார்கள். காம்பைப் பிடித்துக்கொண்டு மேலே பொரிந்த மாவை மட்டும் தின்ன வேண்டும், இலை தட்டில் மிஞ்ச வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது, பெரும்பாலும் யாரும் சொல்லவும் மாட்டார்கள். ஊருக்குப் புதிதாக வந்த டாக்டர் ஒருவர் மூன்று இலைகளை மென்று விழுங்கிவிட்டு நான்காவது கேட்ட கதையை அம்பாரோவின் அப்பா ஹினேஸ் முப்பது வருடமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். கேட்கிறவர்களும் ஒவ்வொரு முறையும் சிரிப்பார்கள். ஊர் வழக்கம்தானே, விளையாட்டுதானே என்று அம்பாரோ இலைகளைக் கழுவும்போது தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

இன்று மேசைக்கு வரப்போகும் வெளியூர்க்காரி எங்ராசியா. வடக்கே தெருவேல் என்ற ஊர்ப் பக்கத்துத் தையற்காரி, விதவை, அறுபத்தெட்டு வயது. அம்மா இறந்து நான்கு வருடமாகிறது. வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா, போன வருடம் முதியோர் சுற்றுலாப் பேருந்தில் ஏறி ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார். லியோன் பக்கம் ஓர் ஊரில் இறைச்சிக் குழம்பைத் தலைகீழாகப் பரிமாறுவார்கள். முதலில் இறைச்சி, பிறகு கொண்டைக்கடலை, கடைசியில்தான் சூப். அது தெரியாமல், சூப்பு எங்கே, எனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று அப்பா சத்தம் போட்டிருக்கிறார். பக்கத்து நாற்காலியில் இருந்த எங்ராசியா, கொஞ்சம் பொறுங்க, அதுவும் உங்களைத் தேடித்தான் வந்துகிட்டிருக்கு என்றாளாம். இதை அப்பா போனில் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்திலிருந்தும் போன் வந்தது. கலீசியாவில் மரத்தட்டில் வைத்துத் தருகிற ஆக்டோபஸ், புர்கோஸில் அரிசி போட்ட ரத்தச் சாசேஜ், அஸ்தூரியாஸில் கரண்டியை நட்டால் விழாமல் நிற்கிற அவரைக் குழம்பு. ஒவ்வொன்றையும் எப்படிச் செய்கிறார்கள் என்று எங்ராசியா அடுப்படிவரை போய்க் கேட்டுவிடுவாளாம். அம்பாரோ உம் கொட்டிக்கொண்டிருப்பாள். அம்மா முப்பத்தெட்டு வருடம் இந்த மனிதருக்குச் சமைத்துப் போட்டாள். உப்புக் குறைந்தால் மட்டும்தான் அவர் வாய் திறப்பார். அவள் எந்த ஊருக்கும் போனதில்லை, கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனதைத் தவிர. அந்தப் போன்களை வைத்த பிறகு அம்பாரோ வெகுநேரம் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பாள்.

ஈஸ்டர் முடிந்ததும் எங்ராசியா இந்த வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். அவள்தான் பிடி கொடுக்கவில்லை.

"உங்க பிள்ளைங்க முகத்த ஒருதரம் பாக்கணும், அப்புறம்தான் சொல்வேன்னுட்டா," என்றார் அப்பா. அம்பாரோவிடம் அவர் இப்படித் தணிந்து பேசியதே இல்லை. "ஒரு வேளை சாப்பாடுதான்டி. கொஞ்சம் நல்லபடியா நடந்துக்கோ."

எங்ராசியா வந்தாள். சிறிய உருவம், அயர்ன் செய்த காலர். துணியில் சுற்றிய, உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை ஒன்றைத் தன் ஊரிலிருந்து மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தாள். முயல்கறிச் சோற்றை அளவாகப் போட்டுக்கொண்டாள். சீமைச் சுரைக்காயும் முட்டையும் கிண்டிய பொரியலில் வெங்காயத்தை எப்போது சேர்ப்பது என்று அம்பாரோவிடம் கேட்டாள். முன்னாடியே என்று மட்டும் அம்பாரோ சொன்னாள்.

தம்பி பாஸ்குவால்தான் கலகலப்பாக இருந்தான். "எங்கப்பாவுக்கு வெந்நி கூட வைக்கத் தெரியாது. அத யாராச்சும் உங்ககிட்ட சொன்னாங்களா?"

"யாரும் சொல்ல வேணாம் தம்பி. சூப்பத் தொலைச்சுட்டு நின்னவர நானே பாத்தேன்."

அப்பா காது சிவக்கச் சிரித்தார். அம்பாரோவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். எண்ணெய் காய்ந்திருந்தது. அந்த ஒற்றை இலையைக் குப்பையில் போட்டுவிட அப்போது நேரம் இருந்தது, ஒரு நொடி வேலைதான். கையில் எடுத்தும் பார்த்தாள். பிறகு மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டாள். பெரியதாக இருந்ததால் அடையாளம் வைக்க வேண்டியிருக்கவில்லை. தட்டைக் கொண்டுபோய் வைக்கும்போது அந்தப் பக்கத்தை எங்ராசியாவின் கைக்கு நேராகத் திருப்பி வைத்தாள்.

"பெரிசா இருக்கிறத நீங்க எடுத்துக்கோங்க," என்றாள். பகல் முழுக்க அவள் குரலில் இல்லாத கனிவு அதில் இருந்தது.

பாஸ்குவால் வீடியோ எடுக்கச் செல்போனை மேசை விளிம்போடு சாய்த்துப் பிடித்தான். எங்ராசியா காம்பைப் பிடித்து எடுத்தாள், கடித்தாள். மாவு நொறுங்கியது. அதற்குப் பின் வேறொரு சத்தம் கேட்டது, ஈரத்தோலைக் கிழிப்பதுபோல. அவள் மென்றாள். தாடை ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது, கண்ணில் நீர் கட்டியது. மென்றுகொண்டே நன்றாக இருக்கிறது என்று தலையசைத்தாள். பாஸ்குவாலின் மூக்கிலிருந்து சிரிப்பு பீறிட்டது.

அப்பா நிமிர்ந்தார். எங்ராசியாவின் வாயைப் பார்த்தார், மகன் கையில் இருந்த போனைப் பார்த்தார், கடைசியாக அம்பாரோவைப் பார்த்தார். இதோ டாக்டர் கதையை ஆரம்பிக்கப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் தன் தட்டில் இருந்ததைக் காம்போடு சேர்த்து வாய்க்குள் திணித்தார். எழுபத்திரண்டு வருடமாகப் பாப்பராஹோத்தே தின்றவர், பொய்ப்பல் வைத்த வாயால் இலையை மெல்ல ஆரம்பித்தார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். பாஸ்குவால் போனைக் கவிழ்த்து வைத்தான். விழுங்கி முடித்ததும் அப்பா நாற்காலியை நகர்த்திவிட்டுக் கொல்லைக்குப் போனார்.

அம்பாரோ எழுந்து உள்ளே போனாள். அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ எதுவும் எடுக்காமல் நின்றாள். பின்னாலேயே எங்ராசியா தட்டுகளோடு வந்தாள்.

"பல்குச்சி இருக்கா மா?"

அம்பாரோ டப்பாவை நீட்டினாள். எங்ராசியா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, பல்லிடுக்கிலிருந்து இலை நரம்பு ஒன்றை இழுத்துத் தாளில் மடித்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் தணிந்த குரலில். "காலையில பஸ் ஸ்டாண்டு காபிக்கடைக்காரர்கிட்ட கேட்டேன், உங்க ஊர்ல எதத் தின்னாம போகக்கூடாதுன்னு. பேரச் சொன்ன கையோட, இலையத் தின்னுடாதீங்கன்னும் சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன்..." அம்பாரோ குழாயை மூடினாள்.

"நீ தட்டத் திருப்பி வெச்சத பாத்தேன். சரி, இவங்க ஒருதரம் சிரிச்சுட்டா மனசு லேசாயிடும்னு தோணுச்சு." அவள் தாளை இன்னும் சின்னதாக மடித்தாள். "இவ்வளவு முத்தலா இருக்கும்னு நினைக்கல, அவ்வளவுதான்."

அம்பாரோ குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிச்சிடுங்க என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் இந்தப் பெண் உடனே பரவாயில்லை என்பாள். அந்தப் பரவாயில்லையைக் கேட்கிற துணிவு அவளுக்கு இல்லை.

"எனக்குத் தெரியும்ங்கிறத அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத," என்றாள் எங்ராசியா. "எனக்காகன்னு நினைச்சு மென்னாரு. அது அப்படியே இருக்கட்டும்."

ஈஸ்டருக்குப் பிறகு வருவீர்களா என்று அம்பாரோ கேட்க நினைப்பதற்குள் அவள் கையைத் துடைத்துக்கொண்டு கொல்லைக்கு இறங்கிப் போய்விட்டாள்.

ஜன்னல் வழியே அப்பா தெரிந்தார். தொட்டிக் குழாயடியில் குனிந்து நின்று, பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். பல்லில்லாத அவர் முகத்தை அம்பாரோ பார்த்ததே இல்லை. அம்மாவும் பார்த்திருப்பாளா என்று தெரியவில்லை. கன்னங்கள் உள்ளே போய், யாரோ ஒரு கிழவர்போல இருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எங்ராசியா அவர் முகத்தைப் பார்க்கப் போகவில்லை. ஜன்னலுக்கும் அவருக்கும் நடுவே வந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டி, தோளில் கிடந்த கம்பளிச் சால்வையை இரண்டு கையாலும் அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், குளிக்கிறவர்களுக்கு மறைப்புப் பிடிப்பதுபோல.

ஜன்னல் மறைப்பை இறக்கிவிடலாம் என்று அம்பாரோ அதன் நாடாவைப் பிடித்தாள். இழுத்தால் பலகைகள் கடகடவென்று சத்தம் போடும், இவ்வளவு நேரமும் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரிந்துவிடும். நாடாவைப் பிடித்தபடி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள். வெளியே குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சால்வையைப் பிடித்திருந்த கைகள் இன்னும் இறங்கவில்லை.