திண்டிவனம் நடைமேடையில் ஒரு 'சரி'

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. எண்பத்தைந்தில் ஒரு நாள், திண்டிவனம் ரயில் நிலையத்தில் விழுப்புரம் வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும், மெட்ராஸ் வண்டிக்கு. சூட்கேஸைப் படுக்கவைத்து அதன்மேல் அவன் இரண்டு தீப்பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தான். அவள் கையில் தடிப் புத்தகம். அவள் கேட்பாள், அவன் சொல்வான், அவள் "சரி" என்பாள். கடகடவென்று போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு பதிலுக்கு மட்டும் அவள் சட்டென்று வாய் திறக்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். தண்டவாளத்தைப் பார்த்தாள். பிறகு "சரி" என்றாள்.

நான் கண்டது இதுதான். இன்னொன்றும் கண்டேன், அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "கடல் அன்று—"

வேண்டாம். நான் கப்பல் ஏறியவனில்லை. திண்டிவனத்தில் கடலும் இல்லை.

இரண்டாவது: "சுமதிகுமார் மூன்றாம் முறையாகப் பரீட்சைக்குப்—"

இதில் அவள் எங்கே? கதை அவளுடையது.

மூன்றாவது தேறும் போலிருக்கிறது:

சந்திரவதியைப் பெண் பார்க்க அனந்தபுரம் வந்தபோது அவள் அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "கப்பல்ல பொழுது சாயறதுக்குள்ள சாப்பாடு போட்ருவாங்களா?"*

"கப்பல் போய்க்கினே இருக்குங்க. பொழுது எங்க சாயுதுன்னே தெரியாது" என்றான் சுமதிகுமார். உள்ளேயிருந்து சந்திரவதி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது.

அவன் சரக்குக் கப்பலில் பயிற்சி முடித்தவன். அதிகாரியாக வேண்டுமென்றால் செகண்ட் மேட் சான்றிதழ் வாங்க வேண்டும். எழுத்துப் பரீட்சை தேறினான். சிவப்பு, பச்சை விளக்கு காட்டிக் கண்ணைச் சோதித்தார்கள், தேறினான். வாய்மொழிப் பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டான். மேசைமேல் பொம்மைக் கப்பல்களை வைத்து, "இதில் நீ இருக்கிறாய், அது எதிரே வருகிறது, என்ன செய்வாய்?" என்று கேப்டன் கேட்டால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருக்கும் அவன் அப்பா வீரசேனன் சொல்லிவிட்டார். "இந்த வாட்டியும் போச்சுன்னா பேசாம மண்டியில வந்து உக்காரு. மல்லாட்டைக்கு எவனும் பரீட்சை வெக்கிறதில்ல." அவனும் தலையாட்டிவிட்டான்.

ஆகவே தேறினால் கப்பல், வருடத்தில் பெரும்பகுதி தண்ணீர்மேல். தேறாவிட்டால் மண்டி, தினமும் இருட்டுவதற்குள் வீட்டில் சாப்பாடு. கல்யாணமான பிறகு சந்திரவதி அவனோடு சேர்ந்து இருந்ததே இந்தப் பரீட்சைக்குப் படித்த மாதங்களில்தான்.

(* சமண வீடுகளில் இருட்டிய பிறகு சாப்பிடுவதில்லை. கப்பல் சமையல்காரருக்கு இதை எப்படிப் புரியவைத்தான் என்பது தனிக் கதை. எழுத மாட்டேன்.)

3

அவள் பி.ஏ. படித்தவள். புத்தகத்து ஆங்கிலம் அவளுக்குத் தகராறு இல்லை. போர்ட், ஸ்டார்போர்ட் என்பதுதான் குழப்பியது. இடப்பக்கமான போர்ட்டைப் பீச்சாங்கை, வலப்பக்கமான ஸ்டார்போர்டைச் சோத்தாங்கை என்று மாற்றிக்கொண்டாள்.

"கேப்டன் எதுருல பீச்சாங்கைன்னு வாயில வந்துரப் போவுது" என்பான்.

"வந்தா வரட்டுங்க. பதிலு வந்தா போதும்."

விதி இதுதான். சோத்தாங்கைப் பக்கமிருந்து குறுக்கே வரும் கப்பலுக்கு நாம் வழிவிட வேண்டும். பீச்சாங்கைப் பக்கமிருந்து வந்தால் அவன் நமக்கு வழிவிட வேண்டும். நாம் போன போக்கில் போக வேண்டும். அவன் வழிவிடாமல் நெருங்கினால் நாமும் திருப்பலாம். ஆனால் பீச்சாங்கைப் பக்கம் மட்டும் கூடாது. அவன் கடைசி நேரத்தில் விழித்துக்கொண்டு திருப்புவான், நாமும் அங்கேயே திருப்பியிருப்போம். ஒடுக்குச் சந்தில் எதிரெதிரே வந்த இருவர் ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வதில்லையா, அதுதான்.

நடைமேடையில் அவள் கேட்டாள். "பீச்சாங்கைப் பக்கம் ஒருத்தன் வர்றான். கிட்ட வந்துட்டான், வழி விடல. இன்னா பண்ணுவீங்க?"

அவன் தீப்பெட்டியை நகர்த்தினான். "பீச்சாங்கைப் பக்கமே திருப்பிருவேன்."

புத்தகம். அவன். தண்டவாளம்.

"சரி" என்றாள் சந்திரவதி.

4

வேண்டுமென்றே தப்பைச் 'சரி' என்ற காரியக்காரியாக அவளை எழுதிப் பார்த்தேன். பேனாவுக்கு அவள் வளையவில்லை. விடியற்காலையில் எழுந்து காப்பி போட்டுக் கொடுத்து அவனைப் படிக்கவைத்தவள் அவள். புத்தகத்தில் அந்த வரியைத் தவறவிட்டாள் என்று எழுதினேன். அதுவும் பொய், அவள் ஒரு வரியையும் தவறவிடுகிறவள் இல்லை. கடைசியில் மிஞ்சியது இது: அந்தச் 'சரி'யை அவள் யோசித்துச் சொல்லவில்லை. இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த "போகாதீங்க" அந்தச் சொல்லாக வெளியே வந்துவிட்டது. 

எனக்கு அவளைப் பிடிக்கும். இதைச் சொல்லிவிடுவது நல்லது.

5

இங்கே கதையை முடித்துக் கையைக் கழுவியிருப்பேன். அப்போதுதான் உறைத்தது. சுமதிகுமாருக்குக் கேப்டன் முன்னால்தான் நாக்கு ஒட்டும். அவளிடம் ஒரு பதிலும் தப்பியதில்லை. அன்றைக்கு மட்டும், அதுவும் வண்டிக்குக் காத்திருக்கும்போது, ஏன் தப்பாகச் சொன்னான்?

நானே எழுதிய ஆள் என்னிடம் மறைக்கிறான். அவன் விதியைச் சொல்லவில்லையோ? "போகட்டுமா, வேண்டாமா?" என்று வாய்விட்டுக் கேட்கத் தெரியாமல், தப்பான பதிலை அவள்முன் வைத்துப் பார்த்தானோ? அப்படியானால் அவள் சொன்ன 'சரி' அவனுக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

6

வண்டி வந்துவிட்டது. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

"சந்திரா, கடைசியா ஒண்ணு கேட்டியே. அத இன்னொரு வாட்டி கேளு."

முதல் முடிவு: அவள் திருத்துகிறாள். அவன் தேறிக் கடலுக்குப் போகிறான்.

இரண்டாவது: "அதான் சரின்னேனே" என்கிறாள். அவன் மண்டிக்கு வருகிறான். இருட்டுவதற்குள் சாப்பாடு. பரிமாறும்போது அவள் அவன் முகத்தைப் பார்ப்ப—

மூன்றாவது: அவள் பேசவேயில்லை. அவன் மெட்ராஸில் சரியாகச் சொல்லி—

மூன்றையும் அடித்துவிட்டேன். ஒன்றை வைத்தால் இருவரில் ஒருவரை நான் தள்ளிவிட்டவன் ஆவேன்.

மீதமிருப்பது நான் கண்ட இரண்டாவது விஷயம். வண்டி நகர்ந்தபோது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்து ஏதோ சொன்னாள். ஊதல் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவன் சிரித்தான். வண்டி போன பிறகு பார்த்தால், புத்தகம் அவள் கையிலேயே இருந்தது.

கொடுக்க மறந்தாளா, அவன் இனி வேண்டாம் என்றானா? எனக்கு விழுப்புரம் வண்டி வந்துவிட்டது, நான் ஏறிவிட்டேன். நீங்கள் அந்த பெஞ்சில்தான் இருக்கிறீர்கள். கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கேளுங்கள், அவள் அழுதுகொண்டிருக்கிறாள்.