நெற்றியில் விழுந்த நிறம்

கிளிநொச்சி ஸ்ரூடியோவின் கதிரையில் இருந்தபடியே உறையைப் பிரித்த சுகந்தினி, படத்தைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டாள். அவளுடைய கணவர் பிரசாந்தனின் நெற்றியில் சிவப்பாய் ஒரு பொட்டு. கழுத்தில் மஞ்சள் பூமாலை. கறுப்பு வெள்ளைப் படத்தில் அவை இரண்டுக்கு மட்டுமே நிறம் இருந்தது.

“ஆர் தம்பி உங்களை மாலை போடச் சொன்னது?”

கணினிக்கு முன்னால் இருந்த வினோதன் திரும்பினான். “பழைய படம் பெருப்பிக்க வாறவை எல்லாரும் அதுக்குத்தானே அக்கா வாறவை. கேக்காமலே போட்டுப் பழகிட்டுது.”

“இவர் செத்தவரெண்டு ஆர் சொன்னது? நாளையிண்டைக்கு என்ர மகளுக்குக் கலியாணம். மணவறைக்குப் பக்கத்தில வைக்க வேணும்.”

“ஐயோ, நான் உங்கட மகன் எண்டெல்லோ நினைச்சன்.”

அடையாள அட்டைக்காக எடுத்த படம். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. அவளுக்கு இப்போது நாற்பத்தைந்து. யுத்தம் முடிந்த நாளில் வட்டுவாகலில் ஆமி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனவரை அதன்பிறகு யாரும் காணவில்லை. மச்சாள் ஜெகதீஸ்வரி நேற்றும் சொன்னாள்: “பதினாறு வருசம், சுகந்தினி. ஒரு மாலையைப் போட்டு விளக்கை வை. மகள் தர்மிளாவின்ர கலியாணச் சபையில உன்ர குங்குமத்தைப் பாத்துச் சனம் கதைக்கும்.”

ஆனால் சுகந்தினியைப் பயமுறுத்தியது அந்த மாலை அல்ல. அதைக் கண்ட கணத்தில் நெஞ்சுக்குள் ஏதோ லேசானது. அவர் வருவாரென்று பதினாறு வருடமாகப் பூட்டாத வாசல் படலையை இனிப் பூட்டிவிட்டு உறங்கலாம் என்பதுபோல.

“எடுத்துவிடுங்கோ தம்பி. ரெண்டையும்.”

திரையில் ஒவ்வொரு பூவாக மறைந்தது. சேட்டின் கழுத்துப்பட்டி தெரிந்தது.

“சேட்டுக்கு நிறம் குடுக்கட்டோ அக்கா? என்ன நிறம்?”

வாயைத் திறந்தாள். எத்தனை தடவை துவைத்துக் காயப்போட்ட சேட்! நீலமா, பச்சையா?

“அப்பிடியே இருக்கட்டும்.”

பரந்தன் பஸ்ஸில், கண்ணாடி போட்ட படத்தை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தாள். வினோதன் சுத்தமாகத்தான் அழித்திருந்தான். யன்னலால் வெயில் வந்தபோது கண்ணாடியில் அவளுடைய முகம் விழுந்தது. அவளுடைய குங்குமம் சரியாக அவர் நெற்றியில் நின்றது.

படத்தைச் சரித்தாள். பஸ் குலுங்கியது. குங்குமம் விலகிப்போய், மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நின்றது.