காரணம் என்ற கட்டம்

வண்டியை நிறுத்தியது ஹரீஷ்குமார்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இடம் மாறி உட்காரலாம் என்று முதலில் சொன்னது அவனா, நானா என்பது இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். சில நாள் அது அவன் குரலில் கேட்கிறது, சில நாள் என் குரலில்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அத்திப்பள்ளிக்குப் போய் மதியம் சாப்பிட்டோம். அவன் நிறையக் குடித்தான். நான் ஒரு பீர். ஒன்றரையாகவும் இருக்கலாம். திரும்பும்போது ஜுஜுவாடி தாண்டி போலீஸ் நிற்பது வெயிலில் தூரத்திலேயே தெரிந்தது.

பைக் என்னுடையது, ஓட்டியது அவன். எப்போதும் அப்படித்தான். கெலமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர். அவன் அப்பா நாராயணப்பனின் தக்காளித் தோட்டத்தில் என் அப்பா கங்கப்பன் கூலி வேலை செய்கிறார். கம்பெனியில் நானும் அவனும் ஒரே சம்பளத்துக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒப்பந்த ஆட்கள், ஐந்து வருடமாயிற்று. ஆனாலும் அவன் கையை நீட்டினால் என் வண்டிச் சாவியைக் கொடுத்துவிடுவேன்.

"மச்சா, எனக்கு ஏற்கெனவே ஒரு கேஸு இருக்குது. இன்னொண்ணு மாட்டினா உள்ள தள்ளிருவாங்க. நீ ஒரு பீருதானே, மெஷின்ல காட்டாது."

நின்றிருந்த லாரிக்குப் பின்னால் மாறி உட்கார்ந்தோம். ஐம்பது அடி ஓட்டியிருப்பேன்.

"ஏம்பா, பொங்கற பாலு மேல ஊதறாப்ல ஊதுற? இழுத்து ஊது," என்றார் போலீஸ்காரர்.

மெஷின் காட்டியது. லைசென்ஸை வாங்கிக்கொண்டு, கோர்ட்டுக்கு வரச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் எங்கள் இருவரில் ஒருவரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு இருந்தது. அது எனக்குத்தான் என்று சூப்பர்வைசர் காதோடு சொல்லியிருந்தார். ஐந்து வருடத்தில் நான் ஒரு பெட்டியைக்கூட இடித்ததில்லை. குடித்துவிட்டு ஓட்டிய கேஸ் என்று ஆபீஸுக்குத் தெரிந்தால் எல்லாம் போய்விடும். வினோதாவிடம்கூட, என் மனைவியிடம்கூட, நான் சொல்லவில்லை.

ஹரீஷின் பழைய கேஸைப் பார்த்த வக்கீல் சௌந்தரராஜனிடம், கோர்ட்டுக்கு முந்தின நாள் மாலை இருவரும் போனோம்.

"வண்டிய ஓட்டினது நீதானே?" என்று கேட்டார்.

நான் பக்கத்தில் பார்த்தேன். ஹரீஷ் செல்போன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். அவன் வாயைத் திறப்பான் என்று காத்திருந்தேன். வக்கீலும் எதற்கோ காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"தம்பி, ஒத்துக்கிட்டா ஃபைன் கட்டிட்டு மதியத்துக்குள்ள வீட்டுக்குப் போலாம். லைசென்ஸ மூணு மாசம் நிறுத்தி வெப்பாங்க. ஆனா அப்பறம் வந்து நான் இல்லேன்னு மாத்திப் பேச முடியாது."

"நான்தான் சார்."

பொய்யில்லை. கடைசி ஐம்பது அடியை நான்தான் ஓட்டினேன்.

வெளியே வந்ததும் ஹரீஷ் என் தோளில் கை போட்டான். "ஃபைன நான் கட்டிர்றேன். நாளைக்கு உன் ஷிஃப்டையும் நானே பாத்துக்கறேன். கம்பெனில ஈ காக்காக்குத் தெரியாது. லைசென்ஸ ஜனவரிலதான் கேப்பாங்க, அதுக்குள்ள வந்துரும்."

எங்கள் கம்பெனியில் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஒரு சீட்டு உண்டு. போகிறவன் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பான். வேலை பார்க்க வருகிறவன் மற்றதை எழுதுவான். காரணம் என்ற கட்டத்தில் கல்யாணமானாலும் சாவானாலும் 'சொந்த வேலை' என்றுதான் எழுதுவோம். அதற்கு மேல் யாரும் எழுதியதில்லை, யாரும் கேட்டதுமில்லை. நான் வெற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டு அவனிடம் கொடுத்தேன்.

கோர்ட்டில் என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் அம்மா நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார். ஒத்துக்கொள்கிறேன் என்றேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றபோது, அவ்வளவுதானா என்றிருந்தது.

நான்காம் நாள் ஆபீஸில் கூப்பிட்டார்கள். மேசைமேல் அந்தச் சீட்டு இருந்தது. கீழே என் கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தில் ஹரீஷின் உருண்டை எழுத்து: 'குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு. கோர்ட்.' இடம் போதாமல் கடைசிச் சொல்லைக் கட்டத்துக்கு வெளியே எழுதியிருந்தான்.

கேன்டீன் பின்பக்கம் கை கழுவும் இடத்தில் அவனைப் பிடித்தேன்.

"ஏன்டா அப்படி எழுதின?"

"வேற இன்னாடா எழுதச் சொல்ற? காரணத்த சரியா எழுதணும்னு இப்ப கறாரா சொல்றாங்க. பொய் எழுதினா என் வேலை போயிரும்."

"எல்லாரும் சொந்த வேலைன்னுதானே எழுதறோம்?"

அவன் கையை உதறினான். தண்ணீர் என் சட்டையில் தெறித்தது.

"ஓட்டினது யாருன்னு உனக்குத் தெரியாதா ஹரீஷு?"

"கோர்ட்ல யாருடா ஒத்துக்கினது?" என்றான். சத்தம் போடவில்லை. இருவருக்கும் தெரிந்த விஷயத்தை நினைவுபடுத்துவது போலத்தான் சொன்னான்.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று சாயங்காலம் வினோதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "சாவிய எதுக்கு அவங்கிட்ட குடுத்த?" என்றாள்.

நிரந்தர ஆணை ஹரீஷ்குமாருக்கு வந்தது. இப்போது அவன் ஷிஃப்ட் லீடர். என் ஒப்பந்தத்தை அந்த மாதக் கடைசியோடு முடித்துக்கொண்டார்கள். லைசென்ஸ் திரும்பி வரும்வரை சூளகிரியில் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கினேன். இப்போது அங்கேயே தினக்கூலிக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வினோதா தையல் கம்பெனிக்குப் போகிறாள். சௌந்தரராஜனுக்கு என் முகம் மறந்துவிட்டது. அப்பா நாராயணப்பன் தோட்டத்துக்கு இன்னும் போய்வருகிறார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஹரீஷும் நானும் பேசிக்கொள்வதில்லை.