ஆளுநர் வீட்டுக் காலித் தட்டு

அமெரிக்கச் சுதந்திரப் போர் முடிந்த ஐந்தாம் வருஷம் ஊரில் தொண்டை அடைப்பு நோய் வந்தது. பதினோரு பிள்ளைகளை வாரிக்கொண்டு போன பிறகு ஆளுநர் ஜெடிடயா வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. அவர் மகள் ஏழு வயது லோயிஸ் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தாள்.

அவள் தாய் மெஹிட்டபெல் கணவன் முன்னால் ஒரு காகிதத்தை வைத்தாள். மாநிலமே ஒருநாள் உண்ணாமல் ஜெபிக்க வேண்டும் என்ற ஆணை. நியூ இங்கிலாந்தில் வசந்தம்தோறும் ஆளுநர்கள் போடும் கையெழுத்துதான். இந்த மனிதர் பதவிக்கு வந்ததிலிருந்து போடவில்லை.

"சர்ச் டீக்கன் வீட்டம்மா என்ன கேட்டா தெரியுமா? 'உங்க வீட்டுக்காரருக்கு மை தீர்ந்துபோச்சா, குடுத்து விடட்டுமா'ன்னு. உங்க கொள்கையத் தூக்கி உடைப்புல போடுங்க. நம்ம புள்ளைக்காகக் கேக்குறேங்க."

"மெஹிட்டா, உபவாச நாள்ல ஏர் ஓட்டினார்னு எங்கப்பாவக் கட்டி வச்சு அடிச்சாங்களே, அதுக்கும் இப்படி ஒரு கையெழுத்துதான். ஜெபம் பண்ணுன்னு சொல்ல சர்க்காருக்கு வாய் கிடையாது. சட்டத்துல நானே எழுதினேன். எம் புள்ளைக்குன்னா மட்டும் மாத்திக்கவா?"

"சரி, நீங்க மட்டுமாவது பட்டினி கெடக்கலாம்ல?"

அவர் காகிதத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டுப் படிப்பறைக்குள் போனார். கல்நெஞ்சுக்காரர்!

மூன்று நாள் படிப்பறையிலேயே சாப்பாடு. பன்றிக்கறி போட்ட பீன்ஸும் சோளக்களியும் உள்ளே போயின. வழித்துத் துடைத்த தட்டுகள் வெளியே வந்தன. பெற்ற மகள் இப்படிக் கிடக்க, இவருக்கு எப்படித்தான் தொண்டையில் இறங்குகிறதோ! "வயிறு ரொம்பினவர் இங்க வர வேண்டாம்" என்று மெஹிட்டபெல் மகள் அறைக்குத் தாழ் போட்டாள். நாலாம் நாள் காலையில் லோயிஸுக்கு மூச்சு அடங்கிவிட்டது.

அடக்கம் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜெடிடயா தட்டை இழுத்ததுமே வீட்டு நாய் மேஜர் ஓடி வந்து, அவர் முழங்காலில் முகத்தை வைத்து வாலை ஆட்டியது. மேசைப் பக்கம் வந்தால் உதைதான் என்று தெரிந்த நாய் அது.

"சீ, போ." அவர் தள்ளினார். அது தட்டையே பார்த்துக்கொண்டு நின்றது.

மெஹிட்டபெல் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோட்டு தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. ரொட்டியைக் கடித்த கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"மூணு நாளா தட்ட வழிச்சது மேஜர்தானா? ஏங்க எங்கிட்டச் சொல்லல?" என்றாள்.

"வெளிய தெரிஞ்சா, ஆளுநரே பட்டினின்னு ஊரே பயந்துக்கிட்டுப் பட்டினி கெடக்கும். அதுவும் ஆணை போட்ட மாதிரிதான்."

"பாவி நான்! புள்ள 'அப்பா எங்க, அப்பா எங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. சாப்பிடுறார்னு சொல்லிட்டேன்."

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார்.