நிற்கச் சொன்ன வார்த்தை

தோமினிக் பெயரைச் சொன்னாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஆள் கெட்டவன் இல்லை என்று எங்கள் பங்குக் கோயிலில் நாலு பேர் சொல்வார்கள். சொல்லட்டும். கெட்டவனாக இருந்திருந்தால் தேவலை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். இவன் எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டே 'சரிக்கா, சரிக்கா' என்பான். அப்படிச் சிரிக்கிறவனை என்ன செய்வது?

நாங்கள் அப்போது சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் யாகப்பன் அங்கே வாட்ச்மேன். கேட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அதில் பாதியை என் தையல் மிஷின் அடைத்துக்கொண்டது. பிள்ளை குட்டி இல்லை. அவருக்கு நான், எனக்கு அவர் என்று யார் வம்புக்கும் போகாமல் இருந்தோம்.

அறுபத்தெட்டாம் வருஷம் பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் தோமினிக் பினாங்கிலிருந்து வந்து இறங்கினான். அம்மாபேட்டைப் பையன்தான். மாமன் கடையில் ஆறேழு வருஷம் இருந்துவிட்டு, பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா'வையும், கராத்தே என்ற ஒன்றையும் கொண்டுவந்திருந்தான். சேலத்துக்காரர்களுக்குச் சிலம்பம் தெரியும், குஸ்தி தெரியும். கராத்தே என்றால் தின்கிற பண்டமா என்று கேட்டவர்கள் உண்டு. அவன் நாலு சீமை ஓட்டை அடுக்கி வைத்துக் கையாலேயே உடைத்துக் காட்டினான். பள்ளிக்கூடத்தை நடத்துகிற பாதிரியார், எங்கள் கரஸ்பாண்டெண்ட் சாமிக்கு, வாயெல்லாம் பல். தினமும் காலையில் மைதானத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பையன்களுக்கு வெள்ளை உடுப்புத் தைக்கிற வேலை எனக்கு வந்தது. என்ன வரப்போகிறது என்று தெரியாமல் நானும் சந்தோஷமாகத் தைத்துக் கொடுத்தேன்.

முதல் நாள் வகுப்பு. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். தோமினிக் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டான்.

"கியோட்ஸ்கே!"

பையன்கள் காலைச் சேர்த்து விறைத்து நின்றார்கள். "ரெய்!" என்றான், குனிந்தார்கள். "ஹஜிமே!" என்றான், ஆரம்பித்தார்கள். இச்சி, நி, சான், சி என்று ஒரே கத்தல். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தி ஒழிக என்று ரயிலடிப் பலகையில் தார் பூசிய பயல்கள்தானே இவர்கள்! இப்போது ஜப்பான்காரன் பாஷையில் ஒன்று, இரண்டு எண்ணுகிறார்களே, அதுவும் தொண்டை கிழிய! இதை அவரிடம் சொல்லலாம் என்று கேட்டுப் பக்கம் திரும்பினேன்.

அவர் கேட்டருகில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. காலடியில் காப்பி டம்ளர் கவிழ்ந்து கிடந்தது.

கரஸ்பாண்டெண்ட் சாமி வருகிறார் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். ரோட்டில் ஒரு மாட்டு வண்டியைத் தவிர யாரும் இல்லை. கடைசியில் தோமினிக் "யமே!" என்றான், பையன்கள் நிறுத்தினார்கள். "நாளைக்கு லேட்டா வந்தா உதைதான்லா, ஓடுங்கடா" என்று தமிழில் சொல்லிவிட்டு அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மைதானம் காலியாகிவிட்டது. இவர் நின்றது நின்றபடி நின்றார்.

"ஏனுங்க, என்னங்க ஆச்சு? உள்ள வாங்க."

கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. வேர்வை காது வழியாக இறங்கிக் கழுத்தில் ஓடுகிறது, துடைக்கவும் இல்லை. சரிந்து விழுகிற வரைக்கும் அப்படியே நின்றார். விழுந்த பிறகு, "நெஞ்ச அடைச்சுது மேரி, ஒண்ணுமில்ல" என்றார். நம்பித் தொலைத்தேன்.

மறுநாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாளும் அதே கதை. நாலாம் நாள் கரஸ்பாண்டெண்ட் சாமியின் கார் வெளியே வந்து ஹாரன் அடிக்கிறது, இவர் கேட்டைத் திறக்காமல் நிற்கிறார். நான் ஓடிப்போய்த் திறந்துவிட்டேன். கார்க் கண்ணாடியை இறக்கிச் சாமி கேட்டார், "என்ன ஞானமேரி, உன் புருஷன் குடிக்கிறானா?"

கள்ளு, சாராயம் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷன்! "இல்லீங்க சாமி, உடம்பு சரியில்லீங்க" என்றேன். "உடம்பு சரியில்லைன்னா வேற ஆள்தான் பார்க்கணும். கேட்டுல நிக்கிறவன் கேட்டைத் திறக்கணும்ல" என்றார். வேறு ஆள் வந்தால் அந்த அறையும் போய்விடும். ஆனால் அதுகூட அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் புருஷனை என்னமோ ஒன்று என் கண் முன்னாலேயே பிடித்துக்கொண்டு போகிறது, அது என்ன என்று தெரியாமல் நிற்கிறேனே என்றுதான் ஆத்திரம்.

அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துவிட்டு, "சொன்னாத்தான் சோறு" என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சின்ன வயதில் மலாயாவுக்கு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய்ச் சயாமில் ரயில் ரோடு போட வைத்தான். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. உயிரோடு வந்தாரே, அது போதும் என்று நானும் கிளறியதில்லை.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கியோட்ஸ்கேன்னா நிக்கோணும் மேரி. மழையோ வெயிலோ, யசுமேன்னு அவன் சொல்ற வரைக்கும் நிக்கோணும். யசுமேன்னாத்தான் கை காலை ஆட்டலாம். என்ற பக்கத்துல அங்கமுத்து நின்னான், அயோத்தியாப்பட்டணத்துக்காரன். மூக்குல உக்காந்த ஈயை ஓட்டறதுக்குக் கையத் தூக்கிட்டான். மூங்கில் தடியால அடிச்சே கொன்னுட்டாங்க. அப்பறமும் யசுமே சொல்லல. அவன் கெடக்கறான், நாங்க நிக்கறோம்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"இந்தத் தம்பி நிக்கச் சொல்லுது. விடச் சொல்ற வார்த்தையச் சொல்லாம சைக்கிள்ல ஏறிப் போயிருது."

"ஏனுங்க, இது அஸ்தம்பட்டிங்க. அந்தப் பாவிங்க தோத்து ஓடி எத்தனை வருசமாச்சுங்க!"

"தெரியுது மேரி. எனக்கு நல்லாத் தெரியுது. காலுக்குத் தெரிய மாட்டேங்குதே."

சொல்லிவிட்டு, தப்புச் செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது நாலு சாத்துச் சாத்த வேண்டும் போலிருந்தது. சயாமுக்குப் போயா சாத்த முடியும்? கைக்கு எட்டினவன் தோமினிக்தான்.

விடியக் காத்திருந்து போய்ப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அங்கமுத்து செத்ததைக்கூடச் சொன்னேன். "உனக்குப் புண்ணியமாப் போகட்டும் தம்பி, தமிழ்ல எண்ணு. ஒண்ணு ரெண்டுன்னா உன் பசங்களுக்குக் கால் தூக்காதா?"

"ஐயோ அக்கா, உலகம் பூரா இதே வார்த்தைதான்லா. லத்தீன்ல பூசை வெக்கிற மாதிரி. மாத்தக் கூடாது."

"அடேய், அந்த லத்தீனையே மாத்தியாச்சு! பங்குச் சாமி நம்ம பக்கம் திரும்பி நின்னு தமிழ்ல பூசை வெக்கிறாரு. ஆண்டவருக்கே தமிழ் போதும்னு ஆயிருச்சு, உன்ற கராத்தேவுக்குப் போதாதா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அடக்கிக்கொண்டான். "சரி, கேக்கலைன்னா போ. முடிக்கறப்ப யசுமேன்னு ஒரு வார்த்தை சத்தமாச் சொல்லிட்டுப் போ. ஒரே ஒரு வார்த்தை" என்றேன். "சரிக்கா, சொல்லிர்றேன்" என்றான்.

சொன்னான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரம் சொன்னான். அவன் "யசுமே!" என்றதும் கேட்டருகில் இவர் தோள் இறங்கும், மூச்சு விடுவார், கை பீடிக்குப் போகும். அப்பாடா என்று இருந்தேன். ஆனால் பையன்கள் கண்ணில் பட்டுவிட்டது. வகுப்பு முடிகிற நேரம் அத்தனை தலையும் மைதானத்தை விட்டுக் கேட்டுப் பக்கம் திரும்பும். வாட்ச்மேன் தொளதொளவென்று ஆகிறதைப் பார்த்துக் கிக்கிக்கென்று சிரிக்கும். அதற்கப்புறம் அது அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது. போகிற வருகிற பயல் எல்லாம் கேட்டைத் தாண்டும்போது "கியோட்ஸ்கே!" என்று கத்திவிட்டு ஓடுவான். இவர் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்பார், சாவிக் கொத்தோடு நிற்பார். விடுவிக்க ஒருத்தனும் இருக்க மாட்டான்.

ஒருநாள் லாரி முதலாளி மகன் சென்னிமலை என்பவனைக் காதோடு பிடித்துவிட்டேன். அவன் போட்டிருந்த வெள்ளைச் சட்டை நான் தைத்தது. தையல் ஸ்கேலாலேயே முதுகில் இரண்டு வைத்தேன். "தமாசுக்குத்தானுங்க அக்கா" என்றான். தமாசாம்! அங்கே ஒருத்தன் ஈ ஓட்டினதற்காகச் செத்தான், இங்கே இவனுக்குத் தமாசு! கரஸ்பாண்டெண்ட் சாமியிடம் போய் முறையிட்டேன். "முதலாளி வீட்டுப் பிள்ளையை நீ எப்படி அடிக்கலாம்?" என்று எனக்குத்தான் கிடைத்தது. "ஆண்டு விழாவுக்கு மில் முதலாளி வர்றாரு. அன்னைக்கும் உன் புருஷன் சிலையா நின்னா, மறுநாளே அறையைக் காலி பண்ணிரு" என்றார்.

விழாவன்று என் வீட்டுக்காரரை எங்கேயாவது அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். "இன்னிக்குக் கேட்டை உட்டுட்டுப் போனா, நானே வேலைய உட்ட மாதிரி" என்று மறுத்துவிட்டார். காதில் பஞ்சு திணித்துவிட்டேன். தோமினிக்கிடம் மூன்று தடவை போய் நின்றேன். "மறந்துராத சாமி, உன் காலப் புடிக்கிறேன்." "சத்தியமாக்கா, முதல் வேலையே அதான்லா" என்றான்.

மைக் செட்டுக்காரன் மேடைக்கு இரண்டு குழாய் கட்டியது போதாதென்று, ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று கேட்டோரத்து வேப்பமரத்தில் ஒன்றைக் கட்டியிருந்தான். நான் அதைக் கவனித்தபோது பிரேயர் பாட்டு ஆரம்பித்துவிட்டது. தோமினிக் மைக் முன்னால் வந்து நின்று "கியோட்ஸ்கே!" என்றான். அது என் புருஷன் தலைக்கு நேர் மேலே இடித்தது. பஞ்சாவது ஒன்றாவது! அவர் முகம் என் கண் முன்னாலேயே மூடிக்கொண்டது.

பையன்கள் குதித்தார்கள், உதைத்தார்கள், ஓடு உடைத்தார்கள். மில் முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். அவன் சத்தியம் செய்த அந்த ஒரு வார்த்தைக்காக நான் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "யமே!" வந்தது, யசுமே வரவில்லை. அதற்கப்புறம் தேசிய கீதம் வந்தது. தோமினிக் கழுத்தில் மாலை விழுந்தது, மைக்கை யாரோ அணைத்துவிட்டார்கள்.

மேடைக்கு ஓடினேன். அவன் முதலாளி பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். "தம்பி, அந்த வார்த்தை!" என்று கீழேயிருந்து கத்தினேன். கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஒரு நிமிசம்க்கா" என்று கையைக் காட்டினான். அந்தக் கையை ஒடித்திருக்க வேண்டும். அதற்குள் கேட்டுப் பக்கம் ஹாரன் சத்தம்.

திரும்பி ஓடிவந்தேன். முதலாளியின் வீட்டுப் பெண்கள் இருந்த கார் வெளியே போவதற்காக முன்னால் நின்றது, பின்னால் இன்னும் நாலைந்து கார். கரஸ்பாண்டெண்ட் சாமி அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்துகொண்டிருந்தார். இவர் கேட்டுக்குக் குறுக்கே விறைத்து நிற்கிறார். சாவி கையில்தான் இருக்கிறது.

"ஏனுங்க" என்றேன். "யசுமேங்க. நான்தான் சொல்றேன். யசுமேங்க."

கண் என் பக்கம் வந்தது. கால் வரவில்லை. கன்னத்தைத் தொட்டேன். வேர்வையில் கை வழுக்கியது. "யசுமே சாமி, என்ற சாமியில்ல, விட்ருங்க" என்று கெஞ்சினேன். ஹாரன் மறுபடி அடித்தது. "என்ன இழவுடா இது, யாராவது அந்த ஆளை இழுத்துப் போடுங்க" என்று டிரைவர் கத்தினான். இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். என் கண் முன்னால் என் புருஷனை மூட்டை மாதிரி இழுத்துப் போடப் போகிறார்கள்!

எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். ஓர் எட்டுப் பின்னால் போய்க் காலை அகட்டி நின்று, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"யசுமே!"

நாயை விரட்டுகிற மாதிரி கத்தினேன். பத்தொன்பது வருஷத்தில் நான் ஒருநாளும் 'ங்க' போடாமல் பேசியிராத மனுஷனைப் பார்த்து, நடு வாசலில், அத்தனை பேர் முன்னால். கத்தினதும் அவர் தோள் இறங்கியது. கை பிரிந்தது. ஆண்டவரே என்று அவரைப் பிடித்துக்கொள்ள முன்னால் போனேன்.

அவர் என் கைக்கு வரவில்லை. காலைச் சேர்த்து, இடுப்பை வளைத்து, எனக்கு முன்னால் குனிந்து வணங்கினார். பிறகு குனிந்த தலையோடு ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து, கேட்டை அகலத் தள்ளிவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றார். கார் என்னை ஒட்டிக்கொண்டு போனது. உள்ளே இருந்த அம்மாள், "பரவாயில்லையே, பொண்டாட்டியாவது நல்லா வேலை வாங்கறா" என்றது என் காதில் விழுந்தது.

எல்லாக் காரும் போகட்டும் என்று காத்திருந்தேன். தூசி அடங்கியது. "ஏனுங்க, ஊட்டுக்குள்ள போலாம் வாங்க" என்று கூப்பிட்டேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை. என் காலையே பார்த்துக்கொண்டு, அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பயந்து நின்றார்.