அத்தான் பையைப் பார்க்க வேண்டாம்

நூலகத்தின் பழைய புத்தக அறையிலிருந்து எந்தப் பையும் சோதிக்காமல் வெளியே போகக் கூடாது. மேயரே வந்தாலும் வாசல்காரரிடம் திறந்து காட்டிவிட்டுத்தான் போகணும். அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்ததே நூலகரான அவள்தான். ஆனால் தினமும் அங்கே வந்து உட்காருகிறவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர் ஆயிற்றே! வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன். "அண்ணே, எங்க அத்தான் பையை மட்டும் பாக்காதீங்க, அசிங்கமா இருக்கும்" என்று வாசல்காரரிடம் அவளே சொல்லி வைத்திருந்தாள்.

இப்போது இருநூறு வருஷப் பழைய பறவைப் புத்தகத்தில் பாதிப் படங்களைக் காணோம். யாரோ பிளேடு வைத்து நறுக்கென்று அறுத்திருந்தார்கள். மேலதிகாரி ஒரு நிமிஷம் யோசிக்கணுமே, ஊஹூம்! பழியைத் தூக்கி வாசல்காரர் தலையில் போட்டார். நாளையிலிருந்து அவருக்கு வேலை இல்லை. அந்த மனுஷனோ அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. சோதிக்காமல் வெளியே போன பை ஒன்றே ஒன்றுதான்.

சாயங்காலம் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். எப்போதும் சாத்தியே கிடக்கும் அத்தான் அறையைத் தட்டாமல் திறந்தாள். சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் ஆந்தைப் படம். கீழே நூலக முத்திரைகூட அப்படியே இருந்தது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

அத்தான் பதறவில்லை. "அங்க யாரும்மா இதைப் பாக்குறாங்க? தூசிதான் படியுது. இங்க நான் தினமும் பாக்குறேன்."

"நாளைக்கு ஒருத்தருக்கு வேலை போகுது, அத்தான்."

"அவருக்கு வேற வேலை கிடைக்கும். வெளிய தெரிஞ்சா உன் வேலையும்தானே போகும்? உங்க அக்கா எப்படித் தலைநிமிர்ந்து நடப்பா?"

அதுவும் நிஜம்தான். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் இவர். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கதவருகே அக்கா நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாகவோ. உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஆந்தையைக் கழற்றித் துண்டில் சுற்றினாள். புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

"கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி நிறைய இந்த மாதிரிப் படங்க இருக்குடி," என்றாள் தங்கையிடம். "அதை நீ ஒருத்தியா தூக்க முடியாது. இரு, லைப்ரரிக்கு நானும் வரேன்."